ஏடும் திரையும்

முன்னோர் ஈட்டிவைத்த செல்வங்களுள் பொன்னும் மணியும் பங்காளிகளிடையே பிரிந்துபோகும், நிலம் கைமாறும். ஏடு, ஓவியம், கற்றளி, கல்வெட்டு, படிமம் என்னும் இவையோ எத்துணைப் பேர் கண்டு மகிழினும் குறைவுபடாத செல்வங்கள். ஆயினும் அண்மைக்காலம் வரையில் இவற்றைக் காண விரும்பியோர் இவை இருக்குமிடத்திற்கே செல்லவேண்டியிருந்தது. பொருளுள்ளவன் கடல்கடந்து சென்று கண்டான்; இல்லாதவன் கண்டவன் கூறக் கேட்டு அமைந்தான். இப்பொழுதோ விடுதியின் திண்ணையிலிருக்கும் மாணாக்கனொருவன் தன் கைப்பேசியிலேயே இலண்டனிலுள்ள ஏட்டையும், சீனத்துக் குகையோவியத்தையும், பாரிசு நகரத்துப் பேராலயத்தையும் காண்கின்றான். எண்களாகப் பதியப்பெற்றுத் திரையில் உருவாகத் தோன்றும் இப்படிவத்தை இக்கட்டுரையில் 'மின்னுரு' என்று வழங்குவோம்.

மின்னுருவின் பயனைக் குறித்து இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. திரையிலே யாவும் தெளிவாகத் தோன்றும்போது வழிநடந்து வருந்துவது எற்றுக்கு என்பர் ஒரு சாரார். திரையிற் காண்பது நிழலேயன்றிப் பொருளன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒருபுடை உண்மையேயன்றி முழு உண்மையல்ல. காண்பவன் என்ன பயிற்சியோடு திரைமுன் வருகின்றான், அவ்வுருவோடு அவனுக்கு என்ன கூறப்படுகின்றது, கண்டபின் அவன் என்ன செய்கின்றான் என்னும் மூன்றையும் பொறுத்தே மின்னுரு பயனுடையதாகவோ வெறுங்காட்சியாகவோ அமையும் என்பது எம் துணிபு. இதனைச் சில சான்றுகளைக் கொண்டு ஆராய்வோம்.

மின்னுரு நிழலே என்பார்க்கு விடையாக முதற்கண் சீனாய்த் திருமறைச் சுவடியைக் காட்டுவோம். கி. பி. நான்காம் நூற்றாண்டில் தோலிதழ்களிற் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற இச்சுவடியிலேயே புதிய ஏற்பாடு முழுவதும் அடங்கிய மிகப் பழைய படி நமக்குக் கிடைத்துள்ளது. சீனாய் மலையடிவாரத்திலுள்ள பரிசுத்த கத்தரீனாள் மடத்தில் இது நெடுங்காலம் இருந்தது. 1844-ஆம் ஆண்டில் ஆங்குச் சென்ற திஷெண்டார்ப் என்னும் ஜெர்மானியப் புலவர் 43 இதழ்களைக் கொணர்ந்தார். அவை லைப்சிக் நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 1859-ஆம் ஆண்டில் எஞ்சியவற்றுட் பெரும்பகுதி அவர் வழியாக ருஷிய நாட்டிற்குச் சென்றது. அதனைச் சோவியத் அரசினர் 1933-ஆம் ஆண்டில் ஒரு லட்சம் பவுனுக்கு ஆங்கில நாட்டாருக்கு விற்றனர்; அந்த 347 இதழ்களும் இப்பொழுது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ருஷியாவிற் சில துண்டுகள் தங்கின. 1975-ஆம் ஆண்டில் மடத்திலேயே அடைபட்டுக் கிடந்த ஓர் அறையில் மேலும் சில இதழ்கள் வெளிப்பட்டன. இங்ஙனம் ஒரு நூல் நான்கு நாடுகளிற் சிதறுண்டு கிடக்கின்றது.

இந்நான்கிடத்தாரும் ஒருங்கு கூடி 2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அச்சுவடி முழுமைக்கும் மின்னுரு அமைத்து யாவர்க்கும் பொதுவாக வெளியிட்டனர். எனவே இன்று அச்சுவடியை ஒருசேரக் காணத்தக்க இடம் திரையொன்றே. இதனை நிழலென்று எவ்வாறு கூறுவது? பொருளே நான்காகப் பிரிந்து நிற்க, நிழலிலன்றோ அது முழுமை பெற்றுள்ளது! இதழின்மேல் நேராக விழும் ஒளியிலும், பக்கவாட்டிற் சாய்ந்து விழும் ஒளியிலும் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே படம்பிடித்துள்ளனர். சாய்ந்த ஒளியில் தோலின் மேடுபள்ளங்களும், கோடிட்ட தடங்களும் புலப்படுகின்றன. படத்திற்கு அருகில் எழுத்துப்பெயர்ப்பும் உண்டு. பெயர்ப்பிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டினால் ஏட்டில் அச்சொல் இருக்குமிடம் காட்டப்படுகின்றது. பிற்காலத்தார் செய்த பல்லாயிரம் திருத்தங்களும் குறிக்கப்பெற்றுள்ளன.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இதில் ஒரு தனிச்சிறப்புண்டு. அக்கிரேக்கச் சுவடியிற் சொற்களுக்கிடையே இடைவெளியில்லை. நம் பனையோலை ஏடுகளும் அத்தன்மையனவே. சொல் எங்கே முடிகின்றது, அடி எங்கே தொடங்குகின்றது என்பதைப் படிப்பவனே அறிந்துகொள்ள வேண்டும். ஆதலின் அச்சுவடியின் மின்னுருவை அமைத்தோர் படத்தை மட்டும் தந்து நின்றிருப்பாராயின், கிரேக்கம் அறியாதார்க்கு அது கோடுகளின் நிரையாகவே தோன்றியிருக்கும். சொல்லுக்குச் சொல் வழிகாட்டி, மொழிபெயர்ப்பும் வைத்து, சுவடி கைமாறிய வரலாற்றையும் உடன்வைத்தமையாலேயே காண்பவன் படிப்பவனாகின்றான். மின்னுருக்கள் யாவும் இங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதற்கு இஃதோர் அளவுகோலாகும்.

ஊனக்கண்ணாற் காணவியலாததையும் மின்னுரு காட்டவல்லது. பத்தாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீசின் நூல்களைப் படியெடுத்த தோலிதழ்களைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒருவர் சுரண்டித் துடைத்து, அவற்றின்மேல் செபப்புத்தகம் ஒன்றை எழுதினார். அப்புத்தகம் 1998-ஆம் ஆண்டில் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. வாங்கியவர் அதனைப் பால்டிமோர் நகரத்துக் கலைக்காட்சிச்சாலையிற் சேர்ப்பித்தார். ஆங்கு அறிஞர் பலர் வெவ்வேறு நிற ஒளிகளிலும் ஊடுகதிராலும் படம்பிடித்து, மேலெழுத்தை விலக்கிக் கீழெழுத்தைப் படித்தனர்; படங்களை 2008-ஆம் ஆண்டில் யாவர்க்கும் வழங்கினர். அப்புத்தகத்தையே கையிற் பிடித்திருப்பவன் செபத்தை மட்டும் காண்பான். திரையிற் காண்பவன் அதன் கீழுள்ள கணிதத்தையும் காண்பான். சில வகையில் மூலத்தினும் மின்னுருவே மிகுதியாக உணர்த்தும் என்பதற்கு இது சான்று.

இனி, காண்பவனே காணப்படும் பொருளுக்குப் பகையாதலும் உண்டு. பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையின் ஓவியங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் இருளில் அழியாதிருந்தன. 1940-ஆம் ஆண்டில் அவை கண்டறியப்பட்டன. 1948 முதல் மக்கள் கண்டு மகிழக் குகை திறந்துவிடப்பட்டது. நாள்தோறும் திரளாக வந்தோரின் மூச்சுக்காற்றும் வெம்மையும் விளக்கொளியும் சேர்ந்து சுவரிற் பாசியும் சுண்ணப்படலமும் படரச் செய்தன. ஆகவே 1963-ஆம் ஆண்டில் குகையை அடைத்துவிட்டனர். அதற்கீடாக 1983-ஆம் ஆண்டில் ஒரு மாற்றுக்குகையும், நுண்ணிய ஒளிக்கதிர் அளவைகளைக் கொண்டு 2016-ஆம் ஆண்டில் மற்றொன்றும் அமைத்தனர். பதினைந்தாண்டு மக்கள் கண்ட காட்சி பல்லாயிரம் ஆண்டின் காப்பிற்கு இடையூறாயிற்றென்றால், 'நேரிற் கண்டாலன்றி நிறைவில்லை' என்று வற்புறுத்துவோர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். நம் ஆசை நிறைவேறுதல் பெரிதோ? நமக்குப் பின்வருவோரின் உரிமை பெரிதோ?

இவ்விடர்ப்பாட்டிற்குச் சீன தேசத்தார் கண்ட வழி சிந்திக்கத்தக்கது. துன்ஹுவாங் நகருக்கருகிலுள்ள மொகாவோ என்னுமிடத்தில் மணற்பாறையைக் குடைந்தமைத்த புத்தக் குகைகள் சுவரோவியம் நிறைந்தன. ஆங்கு 2014-ஆம் ஆண்டில் வருவோர்க்கென ஒரு மண்டபத்தைக் குகைகளுக்குத் தொலைவில் அமைத்தனர். வருவோர் முதலில் அம்மண்டபத்திற் குகைகளின் வரலாற்றையும் ஓவியங்களையும் பெருந்திரையிற் காண்பர்; பின்னரே குகைகளுட் சிலவற்றிற்கு அழைத்துச் செல்லப்படுவர். 2016-ஆம் ஆண்டு முதல் பல குகைகளின் மின்னுருக்கள் உலகோர் யாவர்க்கும் கிடைக்கின்றன. திரை நேர்க்காட்சியை விலக்கவில்லை. அதற்குக் கண்ணைப் பழக்குகின்றது. இருண்ட குகையுட் சில மணித்துளி நிற்பவன், எதைக் காணவேண்டும் என்பதை முன்னரே அறிந்திருப்பின், அச்சிறு பொழுதிலும் பலவற்றைக் காண்பான். திரை முன்னும் தலம் பின்னுமாக வைத்த இம்முறையே நம் நாட்டிற்கும் ஏற்றது என்பது எம் கருத்து.

எனினும் மின்னுருவாற் கிட்டாதன பல உள என்பதை மறுத்தற்கில்லை. அவற்றுள் முதலாவது அளவு. லாஸ்கோ குகையின் காளைகளுள் ஒன்று ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுடையது. சிந்துவெளியிற் கிடைத்த முத்திரைகளோ பெரும்பாலும் ஓர் அங்குலச் சதுரத்திற்கு மிகாதன. கைப்பேசியின் திரையில் இவ்விரண்டும் ஒரே அளவினவாகத் தோன்றும். காளையின்முன் நிற்பவன் தான் சிறியன் என்பதை உணர்வான்; முத்திரையை நோக்குபவன் அதனைச் செதுக்கியவனது கையின் நுண்மையை வியப்பான். திரையோ இருவகை வியப்பையும் ஒருசேரப் போக்கிவிடுகின்றது. அளவுகோல் ஒன்றையேனும் உருவின் அருகில் வைத்தல் இக்குறையை ஒருவாறு நீக்கும். அதனையும் செய்யாது விடுவோர் பலர்.

இரண்டாவது இடம். தஞ்சைப் பெரியகோயிலின் விமானத்தைச் சுற்றி வருபவன் தன் கால்களாலேயே அதன் பெருமையை அளந்தறிகின்றான். கல்லின் வெம்மையும், மணியோசையும், உடன்வரும் மக்களின் வணக்கமும் அவனது அறிவிற் சேருகின்றன. சமயத்தால் வேறுபட்ட நம்மனோரும் ஆங்கு நிற்கும்பொழுது, அது காட்சிப்பொருளன்று, மக்கள் வழிபடும் இடம் என்பதை ஒருவர் சொல்லாமலே உணர்ந்து குரலைத் தாழ்த்துகின்றோம். திரைமுன் அவ்வடக்கம் தானே வருவதில்லை. அதனை நாமே வருவித்துக்கொள்ள வேண்டும்.

ஆயின், இடத்திற்குச் சென்றோர் யாவரும் கண்டோராவரோ? பெரியகோயிலின் சுவர்களிலும் அடித்தளத்திலும் இராசராசனது காலத்துக் கல்வெட்டுக்கள் நிரம்பியுள்ளன. அவற்றுள் ஒன்று, பல ஊர்களினின்றும் கொணர்ந்து தஞ்சையிற் குடியேற்றப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயரும், வந்த ஊரும், குடியிருந்த வீட்டின் வரிசையும் கூறிப் பட்டியலிடுகின்றது. அச்சுவரின் அருகே நாள்தோறும் எண்ணிறந்தோர் செல்கின்றனர். அவருட் பலர் கல்வெட்டிற்கு முதுகைக் காட்டி நின்று தம்முருவைப் படம்பிடித்துக்கொண்டு மீளுகின்றனர். அதே கல்வெட்டின் வாசகத்தைத் தொகுதியிலோ திரையிலோ படித்தவன், தஞ்சையை ஒருகாலும் மிதியாதவனாயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அத்தெருவில் வாழ்ந்த பெண்ணொருத்தியின் பெயரை அறிவான். இவ்விருவருள் தஞ்சையைக் கண்டவன் யாவன்? எனவே நேரே காண்டல், திரையிற் காண்டல் என்னும் பாகுபாட்டினும், படித்தறிந்து காண்டல், அறியாது காண்டல் என்னும் பாகுபாடே பெரிதென்பது தெளிவாம்.

அடுத்து, உருவோடு கூறப்படும் சொல்லைப் பற்றிக் கருதுவோம். காட்சிச்சாலையிலாயினும் திரையிலாயினும், காண்பவன் பெரும்பாலும் சீட்டில் எழுதியுள்ளதையே பொருளெனக் கொள்கின்றான். அச்சீட்டு பொய்யாயின் அவனது காட்சியும் பொய்யாம். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் என்னும் சிற்றூர்க் கோயிலிலிருந்த நடராசர் செப்புத் திருமேனி களவு போயிற்று. ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தார் அதனை 2008-ஆம் ஆண்டில் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வணிகனிடம் வாங்கினர். ஆங்குக் கண்ணாடிப் பேழையிற் கண்டவர்க்கு அது சோழர் காலத்துக் கலைப்பொருள்; அஃது எவ்வூரினது, எவரால் வணங்கப்பெற்றது என்பவை மறைந்தொழிந்தன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் அத்திருமேனி கோயிலில் இருந்த காலத்திலேயே எடுத்துவைத்திருந்த புகைப்படமே அதன் உண்மையூரை மெய்ப்பித்தது. 2014-ஆம் ஆண்டில் திருமேனி இந்நாட்டிற்கு மீண்டது.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. உரிய காலத்தில் எடுத்து, இடமும் நாளும் குறித்துவைத்த ஓர் எளிய படம் வழக்குமன்றத்துச் சாட்சிக்கு நிகராகும் என்பது ஒன்று. ஊரும் வரலாறும் நீங்கிய உரு எத்துணை அழகாயினும் அரைகுறை உருவே என்பது மற்றொன்று. இன்று திரையிலே உலவும் தமிழகப் படிமங்களுட் பல, 'தென்னிந்தியா, பன்னிரண்டாம் நூற்றாண்டு' என்னும் அளவிலேயே நின்றுவிடுகின்றன. தென்னிந்தியா என்பது ஓர் ஊரன்று. எவ்வூர், எக்கோயில், எவ்வாறு ஆங்கிருந்து நீங்கிற்று என்பவற்றைக் காட்டாத மின்னுரு காண்பவனை ஏமாற்றுகின்றது என்றே கூறுவோம். இவற்றைத் தமிழிலும் எழுதிவைத்தல் கடமையாம். ஒரு பொருளுக்கு உரியோர் அதனைத் தம் மொழியிற் படித்தறிய வழியில்லையெனின், திரை யாவர்க்கும் திறந்துள்ளது என்பது பெயரளவே.

மின்னுருவாக்கிவிட்டால் அழிவில்லை என்னும் எண்ணமும் பலரிடத்து உண்டு. இதில் மெய்யும் மயக்கமும் கலந்துள்ளன. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. அவற்றிற்குப் படம் இல்லை, படியும் பலவற்றிற்கில்லை. 2005-ஆம் ஆண்டில் ஈழத்துத் தமிழன்பர்கள் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, கிடைத்த நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கி வருவது அவ்விழப்பின் நினைவை நெஞ்சிற்கொண்டு செய்யும் தொண்டாகவே தோன்றுகின்றது. பாரிசு நகரத்து நோத்ர தாம் பேராலயம் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் தீப்பற்றி, கூரையும் கோபுரமுனையும் வீழ்ந்தன. ஆந்திரு தாலன் என்னும் கலைவரலாற்றுப் பேராசிரியர் அதற்குச் சுமார் ஒன்பதாண்டுகளுக்கு முன்பே ஒளிக்கதிரால் அவ்வாலயத்தை நூறுகோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாக அளந்து வைத்திருந்தார். அவர் 2018-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் அளவைகளோ பின்வந்தோர்க்குக் கைகொடுத்தன. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பெற்றது.

இவை மெய்யாகிய பங்கு. மயக்கமாகிய பங்கு யாதெனின், மின்னுருவும் அழியும் என்பதை மறத்தலே. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் தீயோர் தாக்கியதனால், மின்னுருவாக்கப்பெற்ற சுவடிகளைப் பல திங்கள் வரையில் ஒருவரும் காணவியலாதாயிற்று. ஏடுகள் அறையில் நலமாக இருந்தன. அவற்றைக் காட்டிய திரையே இருண்டது. இதற்கு நம் முன்னோர் கண்ட மருந்து ஒன்றுண்டு. ஓலை செல்லரிக்குமென அறிந்த அவர், தலைமுறைதோறும் படியெடுத்தனர். ஒரு மடத்தில் அழிந்தது மற்றொரு புலவர் வீட்டிற் கிடைத்தது. கணினிப் பதிவும் அத்தன்மையதே. காலந்தோறும் புதிய வடிவிற்கு மாற்றி, பல இடங்களிற் படிவைத்தாலன்றி அது நில்லாது. படியெடுப்போர் இல்லாத ஏடு ஓலையாயினும் மின்னுருவாயினும் அழியுமென்பதே உண்மை.

இதுகாறும் கூறியவற்றால், மின்னுரு பயன்படுவது படிப்போரையும் படியெடுப்போரையும் பொறுத்தது என்பது பெறப்பட்டது. இங்கேதான் தமிழ் மாணாக்கராகிய நம் கடமை தொடங்குகின்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியையும், 1892-இற் சிலப்பதிகாரத்தையும், 1894-இற் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சிட்டனர். ஏடு தேடி அவர் அலைந்த ஊர்களைப் பலரும் புகழ்ந்து பேசுவர். தேடியதினும் அரியது, கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தமையேயாம். ஓலையிற் புள்ளியில்லை, எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் எழுத்தில் வேறுபாடில்லை, ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். ஒற்றைக்கொம்பும் ககரமும் காலும் வரின், அது 'கொ' என்றோ 'கோ' என்றோ 'கெர' என்றோ 'கேர' என்றோ படிக்கப்படலாம். எது பொருந்தும் என்பதை யாப்பும் பொருளும் அறிந்தவனே தீர்மானிப்பான். எகர ஒகர வேறுபாட்டை எழுத்தில் அமைத்த வீரமாமுனிவரின் பெருமையும் ஓலையைப் படிக்கப் புகுந்தார்க்கே முற்றும் விளங்கும்.

அக்காலத்தில் படிக்க வல்லார் இருந்தனர்; ஏடு கிடைத்தல் அரிதாயிருந்தது. இக்காலத்திலோ ஏட்டின் படங்கள் மலிந்துள்ளன. படிக்க வல்லார் அரியராயினர். தமிழிற் சிறப்புப் பாடம் பயின்று பட்டம் பெறுவோருள்ளும் ஓர் ஓலையைத் தடையின்றிப் படிக்கவல்லார் எத்துணைப் பேர்? படிக்கப்படாத ஓலையின் மின்னுரு பூட்டிய பெட்டியின் படத்தையே ஒக்கும். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டு. உலகின் பல பகுதிகளிலுள்ள தமிழன்பர்கள் ஊதியம் கருதாது, பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டுத் திருத்தி யாவர்க்கும் வழங்கினர். அவர் தந்தது படமன்று, பாடம். அதனாலன்றோ இன்று ஒரு சொல் சங்கநூல்களில் எங்கெங்கு வருகின்றது என்பதை நொடிப்பொழுதில் தேடியறிய இயலுகின்றது!

கணினியே ஓலையைப் படித்துவிடும் காலம் வந்துவிட்டது, இனி மனிதர் வருந்தவேண்டுவதில்லை எனச் சிலர் கூறக் கேட்கின்றோம். கையெழுத்தைப் படிக்கும் கணினி முறைகள் உள்ளன என்பது உண்மையே. ஆயின் அவை தாமே கற்றனவல்ல. மனிதர் பிழையறப் படித்து எழுதிக்கொடுத்த பக்கங்களைக் கொண்டே கற்றன. ஆசிரியன் இல்லாத ஊரில் மாணாக்கன் எவ்வாறு தேறுவான்? மேலும் கணினி 'கொ' என்று படித்தது சரியோ பிழையோ என்று காண்பதற்கும் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும். இயந்திரம் பெருகப் பெருக, அதனைத் திருத்தவல்லாரின் தேவையும் பெருகுமேயன்றிக் குறையாது.

ஆதலின் நம் கல்லூரியார்க்கு மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் விடுக்கின்றோம். முதலாவது, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர் ஒவ்வொருவரும் இறுதியாண்டிற் பத்து ஓலைகளின் மின்னுருவையேனும் படித்து, எழுத்துப்பெயர்ப்புச் செய்து ஒப்புவித்தல் வேண்டும். ஆண்டிற்குப் பதினைவர் பத்துப் பத்தாகப் படிப்பின், ஐந்தாண்டில் 750 ஓலைகள் வாய்திறந்து பேசும். இரண்டாவது, நம் நூல்நிலையத்தில் தொட்டாற் பொடியும் நிலையிலுள்ள இம்மலரின் பழைய தொகுதிகளை முதலில் மின்னுருவாக்குதல் வேண்டும். அண்டையிலுள்ள திருச்சபைகளின் பழைய பதிவேடுகளையும், குருமாரின் இசைவு பெற்று, உயிரோடிருப்போரைக் குறிக்கும் பகுதிகளை விலக்கி, அவ்வாறே செய்யலாம். மூலங்களோ அவ்வவ்விடத்திலேயே இருத்தல் வேண்டும். படம் எடுப்பது பொருளைக் கொண்டுபோவதற்கு ஒரு வழியாகிவிடலாகாது. மூன்றாவது, ஒவ்வோர் உருவிற்கும் ஊர், உரியவர், அளவு, வரலாறு என்னும் நான்கையும் தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். படிகளை ஓரிடத்திலன்றி மூன்றிடத்திலேனும் காத்தல் வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் தேவை என அஞ்சவேண்டுவதில்லை. நல்லதொரு படக்கருவியும், விளக்கும், சில கணினிகளும் நம் கல்லூரியில் இப்பொழுதே உள்ளன. பழைய மாணாக்கருட் கணினித் துறையிற் சிறந்து விளங்குவோர் பலர், கேட்பின் உதவாமற்போகார். தேவைப்படுவது பொறுமை. ஓர் ஓலையைப் படிக்க ஒரு மாலைப்பொழுது செல்லும். முதல் ஓலைக்கு ஒரு வாரமும் செல்லலாம். நூறு படங்களை விரலால் தள்ளிச் செல்லுதற்கு ஆகும் பொழுதில் ஒன்றைப் படித்தறிதல் சிறந்ததன்றோ?

உடன்பயிலும் அன்பர்காள்! உலகத்துக் கருவூலங்களின் கதவுகள் நம் தலைமுறைக்குத் திறந்துள்ளன. நம் முன்னோர் பலர்க்கு வாயிலும் தெரியாதிருந்தது. நமக்கோ உள்ளேயே வழியிருக்கின்றது. ஆயினும் உட்புகுந்தவன் எழுத்தறியாதவனாயின் வெறுங்கையோடு மீளுவான். ஆகவே அடுத்தமுறை திரையில் ஓர் ஏடு தோன்றுமாயின், அழகிது என்று கூறி அப்பாற் செல்லாது, அதன் முதல் வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க முயல்வோமாக. ஒரு வரி விளங்கின் மறுவரி தானே அழைக்கும்.